கப்பல் வராத குளத்தில் கலங்கரை விளக்கம்

பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர்கிட்ட ஒரு கல்யாண மண்டபத்துல குளம் வெட்டி, நடுவுல சின்னத் திட்டு விட்டு, அதுமேல செவப்பு வெள்ளைப் பட்டை அடிச்சுக் கலங்கரை விளக்கம் ஒண்ணு கட்டியிருக்காங்க. கடலே இல்லாத கொங்கு நாட்டுல இதென்னங்க கூத்து? அழகுக்குன்னே இப்படிக் கட்டற பழக்கம் எங்கிருந்து வந்துச்சு? இதுக்கெல்லாம் வரலாறு இருக்குதுங்களா?"

இருக்குதுங்க தம்பி. நல்லாவே இருக்குது.

நீங்கள் சொல்கிற அந்தக் குளத்தை நானும் போன வைகாசியில் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அது இல்லையென்றால் அதன் பங்காளி. முதல் பந்தியில் இடம் கிடைக்காததால் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். கோபுரம் 30 அடி இருக்கும். கதவு கிடையாது, கதவு மாதிரி வரைந்து விட்டிருக்கிறார்கள். கைப்பிடி, அதற்குக் கீழே சாவித் துளை, துளைக்குள்ளே கறுப்பு, எல்லாம் பெயிண்டுதான். வரைந்த ஆள் நல்ல கைகாரர். மேலே கண்ணாடிக் கூண்டு, அதற்குள் சுற்றுகிற எல்இடி விளக்கு. சுற்றுகிற என்று சொன்னது மரியாதைக்கு. மோட்டார் இறுகிப்போய் அது மண்டபத்துச் சமையல்கட்டைப் பார்த்தபடி நின்றிருந்தது.

சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட முடியாது போலிருக்கிறது. கடல் இல்லாத சீமையில் கலங்கரை விளக்கம் கட்டியவர்கள் நமக்கு 200 வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். ராஜாக்களே கட்டியிருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மொத்த விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது. கலங்கரை என்றவுடன் கரையில் நிற்கிற விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கரை என்பது ஆற்றங்கரை, குளக்கரையில் வரும் கரை அல்ல. கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலம் என்றால் கப்பல். கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு, கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையைச் சொல்லும்போது இந்தச் சொல் அப்படியே வருகிறது. பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிவாகவே காட்டுகிறது. ஏணி சாத்தியும் ஏற முடியாத உச்சி, கூரை வேயாத மாடம், இரவில் அதில் ஏற்றிய தீ, அதைக் கண்டு 'ஓடுகலங் கரையுந் துறை'. வெளிச்சம் என்பதைவிட அழைப்பு என்பதுதான் நம் ஆட்கள் வைத்த பெயரின் உயிர்.

ஆகவே ஒரு விளக்குக் கோபுரத்தைப் பார்த்தால் நான் கேட்கிற கேள்வி, இங்கே கப்பல் வருமா என்பதல்ல. இது யாரைக் கூப்பிடுகிறது என்பது. உங்கள் கேள்விக்கான பதிலையும் அந்த வழியிலேயே சொல்லிப் போகிறேன்.

தீவும் விளக்கும் ஜோடி சேர்ந்த கதை எகிப்தில் தொடங்குகிறது. அலெக்சாந்திரியாவுக்கு எதிரே ஃபாரோஸ் என்று ஒரு சின்னத் தீவு. கி.மு. 280 வாக்கில் அதன்மேல் 100 மீட்டர் அளவுக்கு ஒரு கோபுரம் எழுந்தது. தீவின் பெயரே பிறகு விளக்கத்துக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சில் ஃபார், இத்தாலியனில் ஃபாரோ. நம்மூரில் நகல் எடுக்கிற இயந்திரம் எல்லாமே ஜெராக்ஸ் ஆன மாதிரி. நிலநடுக்கங்களில் அது விழுந்து, 15ஆம் நூற்றாண்டில் அதே இடத்தில் கோட்டை எழும்பிவிட்டது.

அழகு என்று வந்தால் நான் முதலில் கைகாட்டுவது பிரான்சின் கோர்துவானை. போர்தோ நகரத்துக்குப் போகும் ஜிரோந்து ஆற்று முகத்துவாரம், அதற்கு வெளியே அட்லாண்டிக் கடல், நடுவில் கரையிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத் திட்டு. அலை ஏறினால் பாறை முழுகிவிடும். வற்றினால் மணலில் இறங்கி நடக்கலாம். போர்தோவிலிருந்து திராட்சை மது ஏற்றிப்போகும் கப்பல்கள் அந்த முகத்துவார மணல்மேடுகளில் முட்டிச் சாவது வாடிக்கை. 14ஆம் நூற்றாண்டில், அந்தப் பக்கம் இங்கிலாந்தின் கையில் இருந்த காலத்தில், ஒரு கோபுரம் கட்டி ஒரு துறவியை உட்கார வைத்தார்கள். இரவில் தீ மூட்டுவது அவர் வேலை. போகிற கப்பல்களிடம் காசு வாங்கிக்கொள்வது அவர் உரிமை. நம்மூர் சுங்கச்சாவடிதான், விளக்கோடு சேர்த்து.

அது சிதிலமானதும் 1584இல் லூயி த ஃபுவா என்ற பொறியாளரிடம் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். அந்த மனிதர் விளக்குக் கம்பம் கட்டியிருந்தால் ஐந்தாறு வருடத்தில் முடித்திருப்பார். அவர் கட்ட ஆரம்பித்தது அரண்மனை. கீழே அலையைத் தாங்க வட்டமான பெரிய மதில் மேடை. அதன்மேல் தூண்களும் சிலை வேலைப்பாடுமாக முகப்பு. முதல் தளத்தில் ராஜா வந்தால் தங்க ஓர் அறை. அதற்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னலோடு குவிமாடம் போட்ட தேவாலயம். எல்லாவற்றுக்கும் உச்சியில்தான் விளக்கு. மூன்றாம் ஹென்றி காலத்தில் தொடங்கி நான்காம் ஹென்றி காலம் போய் 1611இல் முடிந்தது. ஃபுவா அதைப் பார்க்கவில்லை. கைக்காசையும் போட்டுக் கடனாளியாகி முன்பே இறந்துபோனார். அவர் மகன் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார், கடைசியில் அவருடைய மேஸ்திரி ஒருவர் முடித்துவைத்தார். ராஜா அறையில் எந்த ராஜாவும் வந்து ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

நான் நீர்ப்பாசன வேலையில் ஓவர்சியராக இருந்தவன். எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு படிக்கட்டு போட்டாலே ஆடிட்டில் கேள்வி வரும். கடல் நடுப் பாறையில் யாருக்கு இந்தத் தேவாலயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பாருங்கள், வெளிநாட்டுக் கப்பல்காரன் பிரான்சுக்குள் நுழையும்போது முதலில் அவன் கண்ணில் படுகிற கட்டடம் அது. 'நீ யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறாய் தெரியுமா' என்று சொல்கிற வேலை அந்தத் தூண்களுக்கு. விளக்கு கப்பலைக் கூப்பிட்டது, அலங்காரம் மரியாதையைக் கூப்பிட்டது.

அந்த அலங்காரக் கோபுரத்தில்தான் பிறகு விளக்குத் தொழிலின் பெரிய மாற்றமும் வந்தது. 1780களின் கடைசியில் தெயுலேர் என்ற பொறியாளர் மேல்பகுதியை எடுத்துவிட்டு உயரத்தைக் கூட்டினார். இன்றைக்கு 67 மீட்டருக்கு மேல், 301 படி. 1823இல் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தன்னுடைய புதிய லென்ஸை முதன்முதலில் மாட்டியது இங்கேதான். முழுக் கண்ணாடியில் அவ்வளவு பெரிய லென்ஸ் வார்த்தால் பாறாங்கல் மாதிரி கனக்கும், வெளிச்சத்தையும் தானே தின்றுவிடும். ஃப்ரெனெல் செய்தது, லென்ஸின் வளைந்த மேற்பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்சதையைக் கழித்துவிட்டது. வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மாதிரி கண்ணாடி வளையங்கள், ஒவ்வொன்றும் சிதறுகிற வெளிச்சத்தைத் திருப்பி ஒரே திசைக்கு அனுப்பும். பழைய அம்பாசிடர் கார் முகப்பு விளக்குக் கண்ணாடியில் வரிவரியாக இருக்குமே, அது இதன் தூரத்துச் சொந்தம். கோர்துவான் 1862இலேயே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. விளக்கு தானியங்கியான பிறகும் இன்னும் அங்கே ஆள் தங்கிக் காவல் காக்கிறார்கள்.

இது வேலையும் செய்த அலங்காரம். நீங்கள் கேட்டது வெறும் அலங்காரம். அதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் மோரிட்ஸ்பர்க். சாக்சனி நாடு, நம் கொங்கைப் போலவே கடல் படாத நாடு. சுற்றிக் காடும் மீன் வளர்க்கிற ஏரிகளும். அங்கே ஏரி நடுவே தீவில் ஒரு வேட்டை மாளிகை, 16ஆம் நூற்றாண்டில் மோரிட்ஸ் என்ற பிரபு கட்டியது, 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட பலசாலி அகஸ்டஸ் பெரிதாக்கியது. அவருடைய கொள்ளுப்பேரன் மூன்றாம் பிரெடரிக் அகஸ்டஸ், 1770களில் கொஞ்சம் தள்ளி இன்னொரு பெரிய ஏரிக்கரையில் குட்டி மாளிகை ஒன்று கட்டிக்கொண்டார். ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வளர்க்கிற பண்ணையை ஒட்டியிருந்ததால் கோழி மாளிகை என்றே பெயர். உள்ளே சுவர்களில் வைக்கோல், இறகு, பாசிமணி என்று ஆளாளுக்கு ஒரு வேலைப்பாடு.

அந்த ஏரியில்தான் கடல் செய்தார்கள். ரஷ்யாவும் துருக்கியும் 1768 முதல் 1774 வரை சண்டையிட்ட காலம் அது. 1770இல் ரஷ்யக் கப்பல்படை துருக்கிக் கப்பல்களை எரித்த சேதி ஐரோப்பா முழுக்கப் பேச்சு. சாக்சனி அரசவையில் மார்கோலினி என்றொரு இத்தாலியப் பிரபு, மைசன் பீங்கான் தொழிற்சாலையைக்கூட அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் பொறுப்பில் ஏரிக்கரையில் படகுத்துறை, தண்ணீருக்குள் நீளும் கல் அணைகரை, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கோட்டை மாதிரி இடிந்த சுவர், பாய்மரம் கட்டிய குட்டிப் போர்க்கப்பல் எல்லாம் வந்தன. இடிந்த சுவரை இடிந்தபடியே புதிதாகக் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த மொத்த செட்டுக்கும் சிகரமாக ஏறக்குறைய 22 மீட்டரில் ஒரு கலங்கரை விளக்கம். விருந்தினர் கரையில் உட்கார்ந்திருக்க, ஏரியில் பொய்க் கடற்போர் நடக்கும், கோபுரத்தில் தீ எரியும்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்ச் சினிமா செட்டு ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். செட்டைப் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மோரிட்ஸ்பர்க் கோபுரம் கெட்டிக் கட்டு. போர் போயிற்று, ராஜாக்கள் போனார்கள், கோபுரம் நிற்கிறது. இந்த நூற்றாண்டில் அதைப் பழுதுபார்த்து, ஆட்கள் ஏறிப் பார்க்கவும் விடுகிறார்கள். பாய்மரக் கப்பல் மிதந்த ஏரியில் இன்றைக்குக் கெண்டை மீன் வளர்க்கிறார்கள். கடல் பார்க்காத ஜனங்களுக்குக் கடலைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிய விளக்கு அது. உங்கள் மண்டபத்துக்காரருக்குத் தெரியாமலே அவர் மார்கோலினி வழியில் வந்தவர்தான்.

சின்னத் தீவு என்று நீங்கள் குறிப்பிட்டதால் நியூயார்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் கனமான கதை. ஈஸ்ட் ரிவர் என்ற நீர்ப்பரப்பின் நடுவே ஒல்லியாக நீண்ட தீவு, அன்றைக்குப் பெயர் பிளாக்வெல் தீவு, இன்றைக்கு ரூஸ்வெல்ட் தீவு. ஊருக்குள் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் நகரம் அங்கேதான் வைத்தது. சிறை, ஏழைகள் மருத்துவமனை, மனநோயாளர் விடுதி. அதன் வடமுனையில் தனியாகக் கிடந்த ஒரு திட்டில் 1872இல் 50 அடிக்கு எட்டுப்பட்டைக் கல் விளக்கம் எழுந்தது. வரைந்து கொடுத்தவர் ஜேம்ஸ் ரென்விக், நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைக் கட்டியவர். கல் அந்தத் தீவிலேயே வெட்டியது, வெட்டியவர்கள் கைதிகள்.

அங்கே ஒரு கல்லில் எழுத்து இருந்தது. இந்த வேலையை அடி முதல் முடி வரை செய்தவன் ஜான் மெக்கார்த்தி, இவ்வழி போகிறவர்கள் அவன் இறந்தபின் அவன் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பொருள்படும் வரிகள். யார் அந்த மெக்கார்த்தி? விடுதியில் இருந்த நோயாளி, எதிரிப்படை வந்துவிடும் என்ற பயத்தில் அந்த முனையில் மண்கோட்டை கட்டிக் காத்தவர், கோட்டையை இடிக்க அவரைச் சமாதானப்படுத்தி விளக்கம் கட்டினார்கள் என்று செவிவழிக் கதை. ரென்விக் பெயர் ஏட்டில் இருக்கிறது, மெக்கார்த்தி பெயர் ஜனங்கள் வாயில் இருக்கிறது. அந்தக் கல் 1960களில் காணாமல் போயிற்று. நம்மூர்க் கோயில் படிக்கட்டுகளில் பெயர் வெட்டிய கல்லை மிதித்துத்தான் உள்ளே போகிறோம், அந்தப் பெயர்க்காரர்கள் கேட்டதும் அதேதான்.

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்துச் சங்கதி சுருக்கமானது. என் அக்கா பேத்தி அங்கே படிக்கிறாள். "தாத்தா, பூங்காக் குளத்துல கலங்கரை விளக்கம்" என்று படம் அனுப்பினாள். ரோத் பூங்கா ஏரி, ஓர் ஓடையை அணை போட்டு மறித்து 1890களில் உண்டாக்கியது. 1915இல் ஏரிக்குள் கரையோரமாக வெள்ளையாக ஒரு குட்டி விளக்கம், கடிகாரத்தோடு. உச்சியில் ஒரு கப்பலின் சின்ன உருவம். தென்துருவம் தேடிப் போன ஸ்காட்டின் டெரா நோவா கப்பல் அது. அந்தக் கப்பல் 1910 ஜூன் 15இல் கார்டிஃபிலிருந்துதான் கிளம்பியது. நிலக்கரியும் பணமும் கொடுத்து அனுப்பியது அந்த ஊர். ஸ்காட் 1912 ஜனவரியில் துருவத்தைத் தொட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பே நார்வேக்காரர் அமுண்ட்சென் வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் ஐந்து பேரும் பனியில் மாண்டார்கள். அந்தக் கப்பலை வைத்திருந்த பௌரிங் குடும்பத்தைச் சேர்ந்தவர் கொடுத்த காசில் எழுந்த நினைவுத்தூண் இது. நினைவுத்தூண் என்றால் சிலை வைத்திருக்கலாம், வெறும் கல் நட்டிருக்கலாம். விளக்கம் கட்டினார்கள். போனவர்கள் திரும்பி வர வழி தெரியட்டும் என்று நான் படித்துக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் அப்படி நினைத்தார்களா, வெறுமனே அழகாக இருக்கட்டும் என்று நினைத்தார்களா, அது வேறு.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று அலங்காரமானவையும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 1844இல் எழுப்பிய உயரமான கல்தூண் நிற்கிறதே, அது அன்றைய கலங்கரை விளக்கம். 1894இல் விளக்கு நீதிமன்றக் குவிமாடத்துக்கு ஏறியது, 1977இல் மெரினாவுக்கு இறங்கியது. இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759இல் முடித்த விளக்கத்தை, அடிப்பாறை அலையில் அரித்துப் போனதால் 1880களில் மேல்பகுதியைக் கல்கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து பிளிமத் ஊர் மேட்டில் நட்டார்கள். அடிக்கட்டை இன்னும் கடலில் நிற்கிறது. அந்த வேலைக்காக ஸ்மீட்டன் தேடித்தேடிப் பார்த்ததில்தான், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று புரிந்தது. சிமெண்டின் பாட்டன் அது. கடுக்காயும் வெல்லமும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்களை அவர் பார்த்திருந்தால் ரெண்டு பேரும் விடிய விடியப் பேசியிருப்பார்கள்.

சரி, வெளியூர் போதும். நம்ம சீமைக்கு வருவோம். "கடலே இல்லாத கொங்கு நாட்டுல" என்றீர்கள். தம்பி, உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு முன்னால் என்ன நிற்கிறது?

கருடகம்பம். சிவன் கோயில் என்றால் விளக்குத் தூண், தீபஸ்தம்பம், ஊருக்கு ஒரு பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் நம் ஊருக்கு வந்தால் முதலில் ஆச்சரியப்படுவது இதைப் பார்த்துத்தான். கோயிலுக்கு வெளியே, கோபுர வாசலுக்கு நேரெதிரே, ஒற்றைக் கல்லில் நெட்டுக்குத்தலாக ஒரு தூண். அடிப்பாகம் சதுரம், நாலு முகத்திலும் சிற்பம். மேலே போகப்போக பட்டை போட்டு ஒடுங்கும். தலையில் இரும்புச் சட்டம், விளக்கு வைக்க. அவிநாசியில் பாருங்கள், காரமடையில் பாருங்கள். சின்னச் சின்ன ஊர்களில்கூட, கோயில் ஓட்டு வீடு மாதிரி இருக்கும், தூண் மட்டும் தென்னை உயரத்துக்கு நிற்கும்.

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், அவள் ஊர் காங்கயம் தாண்டி. அங்கே கருடகம்பத்தில் விளக்கேற்றுவதைச் சின்ன வயதில் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பண்டாரத்தார் மத்தியானமே பழைய வேட்டித் துணியை முழங்கை நீளத்துக்கு முறுக்கித் திரி பண்ணி இலுப்பெண்ணெயில் ஊறப் போட்டுவிடுவார். செப்புக் கொப்பரை ஒன்று, அடியெல்லாம் கரி. பொழுது இறங்கினதும் ரெண்டு மூங்கில் ஏணியைச் சேர்த்துக் கட்டித் தூணில் சாத்துவார்கள், நாலு பேர் அடியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கொப்பரையை ஒரு கையில் ஏந்தி ஏறும்போது எண்ணெய் சிந்திக் கல்லில் வழியும். அந்தத் தூணின் ஒரு பக்கம் மட்டும் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்துப் போய், தொட்டால் ஈரம் மாதிரி வழுவழு என்றிருக்கும். மற்ற மூன்று பக்கமும் சாதாரணக் கல் நிறம்.

அம்மாயி கோயிலுக்கு வரமாட்டாள். கட்டுத்தறியில் மாடு கிடக்கும், தோட்டத்துச் சாளை வீட்டை விட்டு நகர முடியாது. மேற்கே ரெண்டு மைல். கார்த்திகை அன்றைக்குப் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருப்பாள். வாசலில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டே இருப்பாள். "கம்பத்துல வெளிச்சம் ஏறிருச்சு, எலை போடு கண்ணு" என்பாள். அப்புறந்தான் வாசல் விளக்கு, அப்புறந்தான் சோறு.

இதில்தான் நம்ம சீமையின் சூட்சுமம் இருக்கிறது என்பது என் எண்ணம். தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் என்றால் தெருத்தெருவாக நெருக்கிய வீடுகள், சுற்றி வயல். நம்மிடம் குடியானவன் கிணற்றுப் பக்கத்தில், அவனவன் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருப்பான். ஊர் சிதறிக் கிடக்கும். கோயில் மணி அத்தனை தூரம் கேட்காது, வெளிச்சம் எட்டும். கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தரைவளைவு மறைக்காமல் அது எட்டுகிற தூரம் கிலோமீட்டரில் வரும். 9 மீட்டர் தூண் என்றால் வர்க்கமூலம் 3, தூரம் 10 கிலோமீட்டருக்கு மேல். கடலில் கப்பல்காரர்கள் போடுகிற அதே கணக்கு. நடுவில் மரமும் மேடும் குறுக்கே வராமல், ஊரில் கரண்டு விளக்கும் இல்லாமல் இருந்தால் ரெண்டு மைல் என்ன, நாலு மைலுக்கும் தெரியும். சிதறிக் கிடந்த சாளைகள்தான் கலங்கள். கரைந்தது கம்பம்.

தீவும் நமக்குப் புதுசில்லை. ஈரோட்டிலிருந்து கொடுமுடி போகிற வழியில் காங்கயம்பாளையத்தில் நட்டாற்றீஸ்வரர் கோயில், காவிரி நட்டாற்றில் பாறைத் திட்டின்மேல் இருக்கிறது. இப்போது நடந்துபோகப் பாலம் உண்டு. முன்னால் பரிசல்தான். ஆடிப் பெருக்கில் கரையில் நின்று அந்தப் பாறையைப் பார்த்தால், கோர்துவான் பாறையில் எதற்குத் தேவாலயம் என்று கேட்கத் தோன்றாது.

கலங்கரை விளக்கமாக யாரும் நினைத்துக் கட்டாமல், பின்னால் தானாகவே அப்படி ஆனவையும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் பண்ணவாடிப் பக்கம் ஊர்கள் முழுகின. தண்ணீர் இறங்கும்போது பழைய மாதா கோயில் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மேலே தெரியும். பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டையும் அதற்குள் இருக்கிற பெருமாள் கோயிலும் அப்படித்தான். அணையின் முழு நீர்மட்டம் 105 அடி, அளவுகோல் எல்லாம் உண்டு, தினமும் எழுதிவைப்போம். ஆனால் கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர்கள் அடிக்கணக்கா கேட்பார்கள்? "கோட்டை தலை காட்டிருச்சுங்களா?" என்பதுதான் கேள்வி. காட்டிவிட்டது என்றால் அந்த வருடம் தண்ணீர் விடுவது இழுபறி என்று அவர்களே முடிவுகட்டி, நெல்லை விட்டுச் சோளத்துக்குப் போய்விடுவார்கள். ஒளி இல்லை, திரி இல்லை, எண்ணெய் இல்லை. தண்ணீருக்கு நடுவே ஒரு கல் நின்று சேதி சொல்கிறது.

இப்போது உங்கள் மண்டபத்துக் குளத்துக்கு வருகிறேன். வரலாறு இருக்கிறதா என்றால் இருக்கிறது, மோரிட்ஸ்பர்க்கிலிருந்து நேராகக் கோடு போடலாம். கூத்தா என்றால் கூத்துதான், ஆனால் ராஜாக்கள் ஆடிய கூத்து. யாரைக் கூப்பிடுகிறது என்றால், நான் பார்த்தவரை போட்டோக்காரரை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் அந்தத் திட்டுக்குப் படகில் ஏற்றிவிட்டு, ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அரசவையின் பொய்க் கடற்போருக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வருத்தம் அந்த வரைந்த கதவில்தான். ஏற முடியாத விளக்கத்துக்கு எண்ணெய் ஊற்ற யார் போவார்கள், இறுகிய மோட்டாருக்கு யார் கிரீஸ் வைப்பார்கள்? ஓவர்சியர் புத்தி, வேறென்ன.

கேட்டால் கொடுக்க ஒரு யோசனை வைத்திருந்தேன்: பின்பக்கம் நிஜமாகவே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறப்பு வெட்டி, உள்ளே இரும்பு ஏணி ஒன்று பற்றவைத்து விடுங்கள், கார்த்திகைக்காவது ஒரு ஆள் ஏறி ஒரு விளக்கு வைக்கட்டும், சுற்றுவட்டாரத்துச் சாளைகளுக்குத் தெரியும் என்று. மண்டபத்து மேலாளரைத் தேடிப் போனேன். அவர் இரண்டாம் பந்திக்கு ரசம் பற்றாத கவலையில் இருந்தார், சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வெளியே வந்தபோது மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக் கூண்டில் ஒரு பக்கம் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதன் வழியாக உள்ளே போய், நின்றுபோன எல்இடி விளக்கின்மேல் காக்கை ஒன்று கூடு கட்டியிருக்கிறது. கம்பி, குச்சி, கல்யாணத் தோரணத்து ஜிகினா எல்லாம் வைத்து நல்ல கெட்டிக் கூடு. ஜோடிக் காக்கை குளத்துக்கு அந்தப் பக்கத்து வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்தது. கூட்டிலிருந்த காக்கை விடாமல் கரைந்துகொண்டிருந்தது, மரத்திலிருந்தது கிளம்பித் தண்ணீருக்கு மேலாக நேரே அங்கே வந்து சேர்ந்தது.